கொதிக்கும் கரைசலில் பிழைத்த துண்டு

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் தங்கை மகள் வீட்டில் ஒரு பேரழிவு. பிரியாணிக் கறி மெத்தென்று வேகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துத் தடவி, காலையிலிருந்து அப்படியே விட்டுவிட்டாள். மதியம் மூடியைத் திறந்தால் ஓர் ஆட்டுக் குலமே களியாகிக் கிடந்தது.

"மாமா, கறி எங்கே போச்சு?"

"பப்பாளிப் பால்ல கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல் இருக்கு கண்ணு. புரதம் கிடைச்சா விடாது."

சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பச்சை வாசனையில் என் நினைவில் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள்.

தொண்ணூறுகளில், நான் உங்களுக்கு இளையவனாக வந்து சேர்ந்த நம் ஆய்வகத்தில் உங்களை ஆட்டிவைத்ததும் புரதத்தை வெட்டும் இந்த மாதிரி நொதிதானே, என்சைம். வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் கூவிச் சொல்லும் இன்னொரு நொதியை நீங்கள் ஆராய்ந்தீர்கள். கூவி முடித்ததும் செல்லே அதை வெட்டி ஒழித்துச் சத்தத்தை நிறுத்துகிறது என்றீர்கள். சாட்சி, அப்படி வெட்டுப்பட்ட ஒரு சிறு துண்டு எக்ஸ்ரே ஃபிலிமில் விட்ட கருங்கோடு.

நம் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ செல்லை அரைக்கும்போது வெட்டுப்பட்டதும்மா அது." அவர் சொன்னது சரியென்றால் உங்கள் மூன்று வருட உழைப்பும் குப்பை. நான் அவர்மேல் யானைப்படை திரட்டிக்கொண்டிருந்தேன். நீங்களோ, "அவர் கேக்கறது நியாயம்தான்டா. வெட்டினது என் கைதான்னா நானே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றீர்கள்.

உலகமே ஐஸில் வைத்துச் செல்லை அரைத்த காலம் அது. நீங்கள் சோப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, உயிரோடிருந்த செல்கள்மேல் ஊற்றினீர்கள். இரண்டு தட்டுகள்: ஒன்றிலிருந்த செல்களுக்கு முன்பே வெளியிலிருந்து சேதி கொடுத்திருந்தீர்கள், மற்றதற்குக் கொடுக்கவில்லை.

பேராசிரியர் எட்டிப் பார்த்துத் தம் கன்னடத்தில் கேட்டார். "ஏனம்மா இது, அடுகெமனெயா?"

"சமையலறையேதான் சார். ஐஸ்ல கத்தரிக்கோல் சோம்பேறியாகும், அவ்வளவுதான். கொதியில அந்த நொடியே செத்துடும். இதுக்கப்புறமும் துண்டு இருந்தா அது செல் வெட்டினது."

ஃபிலிமைக் கழுவும்போது என் இதயம் அடித்தது மெஜஸ்டிக் பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும். சேதி கொடுத்த தட்டில் மட்டும் அந்தத் துண்டு இருந்தது. பேராசிரியர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, எழுது" என்றார். நான் மூன்று மாடிக்கும் கேட்கும்படி வெற்றி முரசு கொட்டினேன்.

"அடங்குடா. கூவினது போதும்னு செல்லுக்கே தெரியுது" என்றீர்கள்.

நீங்கள் இல்லாத முதல் வருடம் இது. என் மாணவர்கள் புதிதாக எதையோ கண்டுவிட்டதாக ஓடிவந்தால் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறேன்: "இதைச் செஞ்சது செல்லா, நம்ம கையா?" பதில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை. நான், அக்கா! நானேதான்.