மேலே இருக்க வேண்டிய காற்று

புந்தா அரேனாஸ்,
அக்டோபர் 9

அன்புள்ள கொழுந்தன் எரிபெர்த்தோவுக்கு,

அண்ணி உபெர்லிந்தா எழுதுவது. வடகோடி இக்கீக்கேயில் நீங்களும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

காற்று கூரைத் தகட்டைப் பிடுங்குகிறது. கடற்கரைச் சாலையில் வெயில் எச்சரிக்கை விளக்கு நான்கு நாளாகச் சிவப்பு. பக்கத்து வீட்டு எடித் முகமெல்லாம் களிம்பு பூசிக்கொண்டு, "மாவுல விழுந்தவ மாதிரி இருக்கேனா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். உங்கள் அண்ணன் மட்டும் வெறும் கழுத்தோடு கப்பல் பட்டறைக்குப் போகிறார்.

அவர் காதுக்குப் பின்னாலிருந்த கறுப்பு மச்சத்தை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். கழுத்துக்கும் இறங்கியிருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதி சாந்தியாகோவில் அறுவை சிகிச்சை. போகமாட்டேன் என்கிறார்.

டாக்டரம்மாவிடம் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "முப்பது வருஷமா வெல்டிங் பண்றேன். ஓசோன் என் உடம்புல ஊறிப்போச்சு. வெயிலு என்னை என்ன பண்ணும்? இதை என் தம்பி அன்னைக்கே சொன்னான்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஆக்சிஜன் அணு மூன்று சேர்ந்தால் ஓசோன், வெல்டிங் வெளிச்சத்திலும் அது உண்டாகும், பட்டறையில் மூக்கில் ஏறும் காரவாசனை அதுதான் என்றார். உயரத்தில் இருந்தால் வெயிலின் கெடுதலைத் தடுக்குமாம். மூச்சில் போனால் நுரையீரலைத்தான் கெடுக்கும், தோலைக் காக்காது. வசந்தம் வந்தால் நம் தலைக்கு மேலேதான் அது மெலிந்துபோகிறது. அந்த வாசனையோடு அவர் வீடு திரும்பும்போது எனக்கு எவ்வளவு பிடிக்கும். இப்போது அந்தச் சட்டையைத் தொடவே பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "அந்தம்மா புத்தகத்துல படிச்சது. எரிபெர்த்தோ என்கூட பட்டறையில வெந்தவன். நான் யார் பேச்சைக் கேக்கிறது?" என்றார்.

நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னது எனக்குத் தெரியும். ஆட்டுக்கறி சுட்டுச் சாப்பிட்ட அன்று எல்லோரும் சிரித்தோம், நானும்தான். உங்கள் மேல் கோபமில்லை என்றால் பொய். இரண்டு நாள் கொதித்தேன். பிறகு, இத்தனை வருஷத்தில் நானும் அவர் கழுத்தில் ஒருநாள்கூடக் களிம்பு தடவிவிடவில்லையே என்று தோன்றியது.

தம்பி, போனில் சொன்னால் நான் சொல்லச் சொன்னேன் என்று நினைப்பார். நேரில் வாருங்கள். எதிரில் உட்கார்ந்து, "அண்ணே, அது நான் சும்மா சொன்னது" என்று சொல்லுங்கள். அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தான் என்று யோசிப்பார். நான் வாய்விட்டுச் சொல்ல முடியாதது அப்போது அவருக்கே புரிந்துவிடும். புரியட்டும்.

கன்னி மரியாள் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும். இருபதாம் தேதிக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் அண்ணி,
உபெர்லிந்தா