அத்தை களையெடுத்த நான்காம் கட்டம்

ஜூன் 3

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானம். மஞ்சள் பூக்கொடி மூடிய நான்கு கட்டங்கள், கொடி இல்லாத நான்கு. எல்லாவற்றிலும், ஓடுகிற பூச்சி தவறி விழுவதற்காக, மண்மட்டத்துக்குக் குவளை புதைத்திருக்கிறேன். வெறும் மண்ணில் எறும்பு, வண்டு, வலை கட்டாமல் ஓடி வேட்டையாடும் சிலந்தி என்று ஒரே கூட்டம். கொடிக்கு அடியில் நத்தை மட்டும். எந்தத் தேசத்துக் கொடியோ, யாரோ அழகுக்கு நட்டது. இப்போது ஓடிப் பிழைக்கிற பூச்சிக்கு ஓட இடமில்லை.

எண்ணிவிட்டு எல்லாவற்றையும் வெளியே விட்டேன். இடுப்பு கழன்று விழுகிறது. வீட்டில் அத்தை வெந்நீர் போட்டு வைத்திருந்தார். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார்?

ஜூன் 9

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

ஜூன் 13

போச்சு. எல்லாம் போச்சு.

நான்காம் கட்டத்தில் கொடியே இல்லை. வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்திருக்கிறது. மைதானத்துக் காவலாளி பெருமையாகச் சொல்கிறார்: "உங்க மாமியார்தாம்மா. பாவம், வெயில்னுகூட பார்க்கல."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "உங்களை யாரு கேட்டா அத்தை? அந்தக் கொடி இருந்தாத்தானே என் ஆராய்ச்சி!"

"களை ஆராய்ச்சின்னு உன் புருஷன்தான் சொன்னான். நீ இடுப்பு ஒடிஞ்சு வர்றே. எடுத்து வெச்சா ஒரு வேலை மிச்சம்னு நெனச்சேன்மா."

அத்தையின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். எனக்குக் கிடைத்த கால நீட்டிப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்திடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அத்தை பரிமாறிய சோற்றை மட்டும் எந்த முகத்தோடு தின்றேன்?

ஜூன் 15

மேடம் திட்டவே இல்லை! "கொடி இருந்தா பூச்சி போயிடும்னு காட்டப் போறே, சரி. கொடியை எடுத்தா திரும்பி வருமா? அதை நீ கேட்கவே இல்லையே" என்றார். ஒரு கட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். மைதானத்தின் மறுபக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் அளந்து, கொடியை எடுத்துவிட்டுக் குவளை வைக்க வேண்டும்.

யார் எடுப்பது? இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நானா?

ஜூன் 16

அத்தையை உட்கார வைத்து என் வேலையைச் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மன்னிப்பும் கேட்டேன்.

"போடி பைத்தியக்காரி. சிலந்திக்கு இடத்தைக் காலி பண்ணிக் குடுக்கணும், அவ்வளவுதானே? கையுறை வாங்கிட்டு வா."

ஜூலை 10

புது மூன்று கட்டத்திலும் கொடி காலி.

ஜூலை 19

நான்காம் கட்டத்தில் ஒரே ஒரு எறும்பு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "காலி பண்ணின உடனே குடி வந்துடுவாங்களா? ஊர் சுத்திப் பார்த்துட்டு வருவாங்க" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 6

நான்காம் கட்டத்தில் மட்டுமல்ல, புதுக் கட்டங்களிலும் வண்டுகள். மேடம், "ஆய்வேட்டை எழுத ஆரம்பி" என்றார். கடவுளே, நன்றி.

ஆகஸ்ட் 11

காலையில் அத்தை போட்ட கூச்சலில், ஏதோ கடித்துவிட்டது என்று பதறி ஓடினேன். நான்காம் கட்டத்தின் குவளையில் ஒரு வேட்டைச் சிலந்தி. முதுகு முழுக்கக் குஞ்சுகள்.

"புள்ளகுட்டியோட வந்துட்டாடி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கணக்கில் எழுதினேன்.

"எழுதிட்டியா? அப்போ விட்டுடட்டுமா?" என்று கேட்டு, குவளையை மண்ணில் மெல்லச் சாய்த்தார். "பார்த்துப் போம்மா."

எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் இடுப்புக்கு நான் வெந்நீர் போட்டேன்.