மூன்றாவது திருப்பத்தில் ஆளில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் சொல்ல முடிகிற விஷயமென்றால் சொல்லியிருப்பேன். நீதான் அப்பா ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, பத்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறாயே. இது பத்து நிமிஷத்தில் முடிகிற கதை இல்லை.

போன ஞாயிறு சைக்கிள் பந்தயம் நடந்தது. உன் அப்பா நடத்துகிற இருபத்திரண்டாவது பந்தயம். வழக்கம்போல ஒரு மாதம் முன்பே நூற்றுப்பத்து கிலோமீட்டரையும் தானே சைக்கிளில் சுற்றிவந்து, எந்தெந்தக் குழியை மூடவேண்டும் என்று நெடுஞ்சாலை ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருக்கும் இன்ஜினியர் இவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த வருஷம் எத்தனை குழி சார் என்று கேட்டாராம். கடைசி ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை நேரம் குறிக்கும் மேசையை மடிக்கவிட மாட்டார். மறுநாள் பேப்பரில் அந்தக் கடைசி ஆளின் பெயரும் இருக்கும். வேறு எந்த விளையாட்டு நிருபர் அப்படி எழுதுகிறார், சொல். மற்ற எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டுவேன், இதில் மட்டும் எனக்குப் பெருமைதான்.

இந்த முறை முந்தின நாள் மழை பெய்து, சாலையில் சுண்ணாம்பால் போட்ட அம்புக்குறி எல்லாம் அழிந்துவிட்டது. அதனால் திருப்பத்துக்கு ஒரு ஆளை நிறுத்தினார்கள். மூன்றாவது திருப்பத்து ஆளுக்குக் காய்ச்சல். நானே நிற்கிறேன் என்று இவர் கொடியோடு போனார். முதலில் வந்தவர் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது. இளவட்டங்களை நான்கு நிமிஷம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். பார்த்ததும் இவருக்குள் இருந்த நிருபர் விழித்துக்கொண்டார். கொடியை வேலியில் செருகிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே போய்விட்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் இப்படித்தான் ஆகும். பின்னால் வந்த முப்பத்தொரு பேரும் திரும்பாமல் நேரே போய், கல்குவாரி வாசலில் லாரிகளுக்கு நடுவில் நின்றார்கள்.

யாருக்கும் அடியில்லை. ஆனால் பந்தயம் ரத்து. தபால்காரரின் வெற்றியும் போயிற்று.

சாயங்காலம் சைக்கிள் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, பழியை மழை மேல போட்டுடலாம் சார், மழை வந்து கேக்கவா போகுது என்றார். அப்பா நேரே மேசைக்குப் போனார். உட்கார்ந்து செய்தியை எழுதினார். தன் இடத்தை விட்டுப் போன அமைப்பாளர்தான் காரணம் என்று முதல் வரியிலேயே போட்டு, தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினார். இது தேவையா என்று பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டதற்கு, தேவை என்று மட்டும் சொன்னார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அதே பேனா உன் பெயரையும் முழுதாகத்தான் எழுதியது. இதே பந்தயத்தின் கடைசி மேட்டில் பத்திரிகை வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நீ சைக்கிளை மிதிக்காமலே மேலே போனதை அவர் ஒருவர்தான் பார்த்தார். உன் முதல் பரிசை ரத்து செய்ததோடு நிறுத்தாமல் பேப்பரிலும் போட்டார். நீ சைக்கிளை விற்றுவிட்டு அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டாய். நானும் உனக்காக ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் வைத்துக்கொள்கிற மனுஷர் இல்லை அவர் என்று திங்கட்கிழமைப் பேப்பரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை பந்தய வீரர்கள் ஏழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை. தபால்காரர்தான் பேசினார். அடுத்த வருஷமும் நீங்கதான் நடத்தணும் சார், நோட்டை மட்டும் வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார், தப்பு பண்ணின எனக்கு ஏழு பேரு வந்து திரும்ப வாங்கன்னு சொல்றாங்க, அவளுக்கு அன்னிக்கு யாரு போய்ச் சொன்னா, அடுத்த ரூம்லதானே இருந்தா என்று. பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். பந்தயப் பொறுப்பிலிருந்து விலகல் கடிதம் எழுதி டிராயரில் வைத்திருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். அந்த ஏழு பேர் சொல்லியும் கேட்கவில்லை.

உன்னைப் பற்றி எழுதியது தப்பென்று அவர் சொல்லமாட்டார், நானும் சொல்லச் சொல்லமாட்டேன். எழுதிவிட்டு உன் அறைக்கு வராமல் இருந்ததுதான் அவரை அரிக்கிறது. நீ அவரை மன்னிக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பந்தயத்தை விடாதீங்க அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் வீட்டில்தான் இருப்பார். அப்போது கூப்பிடு. எத்தனை முறை மணி அடித்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கும்,
உன் அம்மா