ஆறாவது வரியும் ஊசி மாமாவின் வலது கண்ணும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என்ன வேலை பார்க்கிறாய் என்று உன் பெரியப்பா மகன் கேட்டானாம், நீ "வெறும் ஃபாரம் எழுதுறவன்தான்னு சொல்லிட்டேன்மா, வேற என்ன பெரிசா கிழிக்கிறேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை, பெற்றவளுக்குத் தெரியாதா. வேறு வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகவும் சொன்னாய். அதற்கு எனக்குப் போனில் பதில் சொல்ல வராது. எதையும் உதாரணத்தோடு சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். இந்த முறை உதாரணம் நம் எதிர்வீட்டு ஊசி மாமா.

தையல் மெஷின் மெக்கானிக்குக்கு அந்தப் பெயரை வைத்தவனே நீதான். எதிரில் நிற்பவரிடம் கதை பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே நூல் கோப்பார் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பாய். அந்த மனிதருக்கு இரண்டு வருடமாக வலது கண்ணில் புரை, இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. பாபினில் நூல் சிக்கியிருந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். போன மாதம் ஒரு தையற்காரம்மாவின் மெஷினில் ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டார். ஓட்டிப் பார்த்தபோது அது உடைந்து துண்டு தெறித்தது, நல்லவேளை யார் மேலும் படவில்லை. புரை முற்றிவிட்டது, இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். ஒரு ஃபாரத்தைப் பூர்த்தி செய்து வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் போதும். திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முழுவதும் ஆங்கிலம். ஐந்து வரி ஒழுங்காக எழுதினேன். ஆறாவது வரியில், நான் ஒரு டெஸ்டிட்யூட் என்று உறுதி கூறுகிறேன், என்னை ஆதரிக்க யாரும் இல்லை என்று அச்சடித்திருந்தது, அதற்கு நேராகக் கையெழுத்து. அது என்ன வார்த்தை டீச்சரம்மா என்று கேட்டார். ஏழை என்று சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டியிருக்கலாம். உன் அம்மா அப்படி விடுகிற ஆளா? இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, முதலில் கைவிடப்பட்டவன், நிர்க்கதியாக விட்டுவிட்டுப் போகப்பட்டவன் என்றுதான் பொருள், பிறகுதான் கையில் ஒன்றுமில்லாதவன் என்று மாறியது என்று பாடமே நடத்திவிட்டேன். அவர் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வீட்டம்மா வந்து நின்றாள். "ஏன் டீச்சர், கையெழுத்துப் போடுங்கன்னா போட்டிருப்பாரு. அர்த்தம் சொல்லச் சொல்லி உங்களை யாரு கேட்டா? இப்போ கண்ணே போனாலும் போடமாட்டேன்னு உக்காந்திருக்காரு" என்று அழாத குறை. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்துகொண்டு, "முப்பத்திரண்டு வருஷமா தூங்குற பிள்ளைங்களுக்கே பாடம் எடுத்தா. இப்பதான் ஒருத்தர் முழிச்சிருந்து கேட்டிருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. ஒரு மனிதரின் கண் என் வாயால் போகப்போகிறதே என்று உடனே எழுந்தேன்.

எதிர்வீட்டு முன்னறையில் இருக்கும் அவர் கடைக்குப் போனேன். மிதிமெஷின் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டு விரலில் பிளாஸ்திரி. "டீச்சரம்மா, கண்ணு தெரியலைன்னு எழுதுங்க, நூறு கையெழுத்துப் போடுறேன். யாருமத்தவன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க. உள்ள இருக்கிறவ என்ன மரக்கட்டையா?" என்றார். உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது, "கட்டையா இருக்கப்போயிதான் உங்களோட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்!" அவர் என்னைப் பார்த்து, "கேட்டீங்களா? இவ்வளவு பேசுற ஒருத்தி இருக்கிறப்ப நான் எப்படி யாருமத்தவன்னு எழுதுறது?" என்றார்.

திரும்பி வரும்போது எத்தனையோ சொற்கள் ஞாபகத்துக்கு வந்தன. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வான்ட் (want) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் இல்லாமை என்றுதான் பொருள். இல்லாதவன் கேட்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் அது ஆசைப்படுவது என்று ஆகிவிட்டது. இல்லாமல் இருப்பவனைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். ரெச் (wretch) என்றால் ஆதியில் நாடுகடத்தப்பட்டவன், இப்போது பரிதாபத்துக்குரியவன், சில இடத்தில் ஈனன் என்றே திட்டு. வெளியூர்க்காரன் எல்லாம் ரெச் என்றால் நம் பையனும் அதில் சேர்த்தியா என்று அப்பா கேட்டார். அவனை யாரும் துரத்தவில்லை, அவனாகவே விமானம் ஏறினான் என்றேன். ஆனால் என்னை உறுத்தியது புவர் (poor) என்ற சொல்தான். மோசமான விடைத்தாளில் எல்லாம் சிவப்பு மையில் அதைத்தானே எழுதினேன். இல்லாததும் மோசமானதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன என்று ஒருநாளாவது யோசித்தேனா? என்னிடம் அந்தத் தாளை வாங்கிப்போன பிள்ளைகளில் பாதிப் பேர் மதியச் சாப்பாடு கொண்டு வராதவர்கள். சொல்லை மாற்றினால் போதும் என்றும் தோன்றவில்லை. இருபது வருடத்துக்கு ஒருமுறை அலுவலகங்களில் இதற்குப் புதுப்பெயர் வைக்கிறார்கள், பின்தங்கியவர் என்கிறார்கள், வாய்ப்புக் குறைந்தவர் என்கிறார்கள், கொஞ்ச நாளில் புதுப்பெயரையும் அதே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்போதுதான் நீ போன வருடம் அனுப்பிய தாள் ஞாபகம் வந்தது. உன் ஆபீஸில் குடியிருக்க வீடு கேட்டு வருகிறவர்கள் எழுதும் பழைய ஃபாரத்தையும் நீ மாற்றி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தாயே. பழையதில் நான் கதியற்றவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னுடையதில் அந்த மாதிரி ஒரு வரியே இல்லை. என்ன வேண்டும், அது இல்லாமல் எது நின்றுபோயிருக்கிறது, உங்களோடு யார் இருக்கிறார்கள், இவ்வளவுதான். ஓரத்தில் பென்சிலால், "ஆள் எப்படிப்பட்டவர்னு கேட்கலம்மா, என்ன குறையுதுன்னுதான் கேட்டேன்" என்று எனக்காக எழுதியிருந்தாய். அன்று அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, எழுத்துப்பிழை இல்லை என்று பதில் போட்டேன். வாத்தியார் புத்தி. இப்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக அலமாரியிலிருந்து எடுத்தேன்.

ஒரு வெள்ளைத் தாளில் உன் கேள்விகளையே கண்ணுக்குத் தகுந்தபடி மாற்றி எழுதினேன், மேலே ஆங்கிலம், கீழே நம் மொழி. எந்தக் கண், எவ்வளவு நாளாக, என்ன வேலை நின்றுபோயிருக்கிறது, சொந்தச் செலவில் செய்துகொள்ள முடியாமல் தடுப்பது எது, சிகிச்சைக்குப் பிறகு மருந்து விட வீட்டில் யார். ஊசி மாமா ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசிக் கேள்வி வந்ததும், "என் வீட்டுக்காரின்னு பெரிய எழுத்துல எழுதுங்க" என்றார். பிறகு ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார், கோடு ஏறி இறங்கியிருந்தாலும்.

புதன்கிழமை அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலாம் நம்பர் கவுண்டரில் இருந்த பெண் ஆறாவது வரியில் கையெழுத்து இல்லாததைப் பார்த்துத் திருப்பித் தள்ளினாள். "பத்து வருஷமா எல்லாரும் இதிலதான் போடுறாங்க ஆன்ட்டி, ஒருத்தரும் கேள்வி கேட்டதில்ல" என்றாள். கேட்காதவர்கள் எல்லாரும் போட்டார்களா, இல்லை திரும்பிப் போய்விட்டார்களா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது, எனக்குப் பின்னால் நின்ற வரிசைக்கும் கோபம் வந்தது. சத்தம் கேட்டுக் கண் பிரிவின் தலைமை நர்ஸ் வந்தார். நான் என் தாளை நீட்டி, ஒரே ஒரு சந்தேகம், ஒரு மாதம் தினம் நாலு வேளை கண்ணில் மருந்து விட வேண்டும் என்கிறீர்கள், ஆதரவாக யாருமே இல்லை என்று கையெழுத்துப் போட்டவருக்கு அதை யார் விடுவது என்றேன். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் வார்டுல ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கேட்டுட்டிருக்கேன். இதையே சேர்த்துக்கோ, டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். என்னிடம் திரும்பி, யார் எழுதியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எங்க பையன்மா. ஃபாரம் எழுதுறான். அவனுக்கு வேலையே அதான்!" இதுவரை யார் கேட்டாலும் ஏதோ ஆபீஸில் இருக்கிறான் என்று முணுமுணுக்கிற மனிதர், முழு வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார் கண்ணா.

சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது, பார்வை வந்துவிட்டது. வீட்டம்மா வேளை தவறாமல் மருந்து விடுகிறாள், அவர் கண்ணைச் சிமிட்டினால் திட்டும் விழுகிறது. நேற்று மறுபரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். நாலாம் நம்பர் கவுண்டரில் பழைய ஃபாரக் கட்டு இல்லை. என் கையெழுத்திலேயே உன் கேள்விகளை நகலெடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். அதே பெண் ஒரு தாளை நீட்டி, இடது கண்ணுக்கு இப்போதே எழுதிக்கொடுங்கள் என்றாள். நான் வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன். ஊசி மாமா என் கையை விலக்கிவிட்டு, "நீங்க உக்காருங்க டீச்சரம்மா, இது நான் படிக்கக்கூடிய ஃபாரம்" என்று வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்று தானே எழுதினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் அதே தாளைத் தொடையிலும் சுவரிலும் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போகவில்லை. யாருக்கும் உன் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும்.

வேலையை மாற்றுவதும் மாற்றாததும் உன் இஷ்டம், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். ஆனால் இனி யார் கேட்டாலும் அந்த "வெறும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே (அந்த இடத்தில் "வெறும்" இருக்கலாம்). நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நல்லா இரு ராசா. இடது கண்ணுக்குத் தேதி கிடைத்ததும் மாமா உனக்குத் தன் கையாலேயே எழுதுவாராம். பதில் போட மறந்துவிடாதே.

உன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும்,
அம்மா

அப்பா சொல்லச் சொன்னது: அந்தப் பெரியப்பா மகனின் போன் நம்பரை அனுப்பு. அவர் பேச வேண்டுமாம்.