என் தலையில் ஓடும் எண்ணெய் மில்

பூவாத்தா அம்மணிக்கு, போர்வெல் வண்டியோடு வந்து ராஜஸ்தானையே சல்லடையாக்கிக்கொண்டிருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு அதிசயம். எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டேன். சாயங்காலம் சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும், விடிந்தால் தலையில் காங்கேயத்து எண்ணெய் மில் ஓடுகிறது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுகிறது.

"எங்கிருந்துங்ணா இப்படி ஊறுது?" என்று டிரைவர் எழில் ஆராய்ச்சியில் இறங்கினான். தண்ணியை மாற்றினோம், சோப்பை மாற்றினோம். கடைசியில் என் தலையணையைத் தொட்டுப் பார்த்தான். ஊரிலிருந்து எடுத்து வந்த உன் தலையணைதான்.

"இதாங்ணா கிணறு. உறையைத் துவைச்சுப்போடுங்க."

துவைத்தால் உன் தலை வாசம் போய்விடுமே. அதனால் புது உறை ஒன்று அனுப்பு. அனுப்புமுன் ஒரு வாரம் நீ அதில் படுத்திரு.

வண்டி கிளப்புகிறார்கள், வாரேன்.

சுப்பண்ணன்