ஆறு நாள் நடந்தேன் என்று சொன்னது

இன்று காலை வெந்தயத் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். வாசனை ஏறியதும் நீதான் வந்து நின்றாய் அக்கா. நடந்து முடித்த வேர்வையும் வெந்தயமும் கலந்து உன் புடவைத் தலைப்பில் அடிக்குமே, அந்த வாசனை.

எடை குறைக்க வேண்டிய நாம் பன்னிரண்டு பேர், ஞாயிறு மதியம் மண்ணூர் பள்ளிக்கூட வராந்தாவில் கூடுவோம். எடை மெஷினில் முதலில் நீதான் ஏறுவாய். அந்த வாரம் எத்தனை நாள் நடந்தாய் என்பதையும் நீதான் முதலில் சொல்லுவாய். "கேக்கறவ மொதல்ல தன் கதையச் சொல்லணும்" என்பாய். ஒரு வாரம், "ஒரு நாள்கூட நடக்கலடி, சோம்பல்" என்று சிரித்தாய். அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. ஒருத்தி முட்டிவலி என்றாள், இன்னொருத்தி லாரிக்குப் பயம் என்றாள். அடுத்த வாரம் முக்கால்வாசிப் பேர் நடந்திருந்தோம்.

நீ போய்ச் சேர்ந்தபிறகு அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அஞ்சாவது படித்தவளுக்கு அது பெரிய பதவி. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நான் நடப்பதே இல்லை அக்கா. மருமகள் இப்போது ஒரகடம் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் ஓ.டி. முடித்து இருட்டித்தான் வருவாள். மகனும் அப்படித்தான், ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பான். பேத்திக்கு இரண்டு வயது. அவள் பேசுகிற பேச்சு அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அசந்தால் லாரி போகிற ரோட்டுக்கு ஓடிவிடுவாள். அதனால் கேட்டுக்கு நானே பூட்டு போட்டுக்கொள்கிறேன். உள்ளே அவளும் நானும். ஊருக்கு வெளியே புது பிளாட்டில் வீடு, யார் கண்ணிலும் படுவதில்லை. வெளியே சொன்னால், "சூப்பர்வைசரம்மா மாமியார வூட்டுல வச்சுப் பூட்டிட்டா" என்று ஊர் பேசும். மருமகள் அப்படிப்பட்டவள் இல்லை. அதனால் வாராவாரம் "ஆறு நாள் நடந்தேன்" என்கிறேன்.

பொய் வந்துவிடுகிறது. அதற்குமேல் நடையைப் பற்றிப் பேசத்தான் நாக்கு எழவில்லை. சோறு, சர்க்கரை, வடை என்று ஓடிவிடுகிறேன்.

போன ஞாயிறு செல்வி பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, ஒரு மாசமா சோத்தையே திட்டிக்கினு கீற? நடையெல்லாம் வாபஸ் வாங்கிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். "யாரு சொன்னது? ஆறு நாளும் நடக்கறேன். மனசு இருந்தா மார்க்கம் இருக்குது."

மேரி சிரிக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. நடக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளும் பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடப்பவள்.

"உனக்கும் கொழந்த கீது, நீ நடக்கற. எனக்குத்தான் மனசு இல்ல போல. நான் நின்னுக்கறேன்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று போன் போட்டேன். "மேரி, நானும் நடக்கல. ஒரு நாள்கூட இல்ல. கேட்டுக்குள்ளதான் கெடக்கறேன்."

"என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாதக்கா" என்று வைத்துவிட்டாள்.

நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இனி ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னால்தான் உண்டு. யாராவது அவள் காதில் போடுவார்கள், திரும்பி வருவாள். உன் அந்த "நடக்கல"வைத்தான் நேற்றிலிருந்து வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பேத்தி தூங்கும்போது மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். "ஏன் நடக்கல?" என்று செல்வி கேட்பாள். அந்த இடத்தில் மருமகளின் முகம் வந்து நிற்கிறது.