மண்படாச் சிறப்பை நீக்கிய ஓலை

மழை தன் பருவத்தில் பெய்க. ஏரி தன் கரைக்குள் நிற்க. மூத்தோர் தம் காலில் நிற்க.

செம்பொழில் வேந்தர் பெருந்திண்ணனாரின் திருவாணைப்படி, மூன்று தலைமுறை அரசர்க்குப் பணிசெய்தவரும் அறுபத்தெட்டு அகவை நிறைந்தவருமான அமைச்சர் அமரன் கொற்றனார், வெண்குன்றூர் ஊரவைத் தலைவர் ஏனாதி வெண்ணாகனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் அவையும் மக்களும் நலம் பெறுக. இங்கு அமைச்சர் நலமாயில்லை.

அறுபது நிறைந்தோர் பாதம் தெருமண்ணில் படலாகாது, ஊர்ப்பல்லக்கே அவரைச் சுமக்கவேண்டும் என்னும் மண்படாச் சிறப்பை இருபதாண்டுக்கு முன் வகுத்தவர் கொற்றனாரே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூத்தோரைப் போற்றும் நாடு இதுவன்றோ என்று அயலார் வியந்தனர். கொற்றனாரும் மீசையைத் தடவிக்கொண்டார். முதற்கோணல் முற்றும் கோணலாயிற்று. கோயிலுக்கும் பல்லக்கு, குளத்துக்கும் பல்லக்கு, அடுத்த வீட்டுக் காதுகுத்துக்கும் பல்லக்கு. சில ஆண்டுகளில் முதியோர் கால்கள் வாழைத்தண்டாய் வெளுத்துத் துவண்டன. நடந்து சென்ற ஓரிருவரையும், பெற்ற பிள்ளைகள் கைவிட்டார் போலும் என்று ஊர் இரங்கிப் பேசிற்று. அப்பேச்சுக்கு அஞ்சி அவர்களும் உட்கார்ந்துவிட்டனர்.

தங்கள் ஊரில் வாழ்ந்த கொற்றனாரின் தமக்கை நங்கைசாத்தியார், சென்ற தைத்திங்களில் தம்பியிடம் ஒன்று வேண்டினார். பெருமையெல்லாம் போதும் தம்பி, கிணற்றடி வரைக்கும் போய்வரக் கால் இருந்தால் அதுவே எனக்குப் பெரிது, உன் பல்லக்கை நீயே எடுத்துக்கொண்டு போ என்றார். அக்காவுக்கு இன்னும் குறும்பு போகவில்லை என்று கொற்றனார் சிரித்துவிட்டு வந்தார்.

ஐப்பசியில் ஏரி உடைந்தது. இளையோர் வயலில் இருந்த நேரம். மேட்டுக் குன்று நானூறு தப்படிதான். ஊரில் பல்லக்கு ஆறு, முதியோர் எண்பத்துமூவர். சுமப்போர் ஓடியோடிச் சுமந்தனர், அவர்மேல் குற்றமில்லை. பதினொருவர் தத்தம் வாசலில் பல்லக்கை எதிர்பார்த்தபடியே மாண்டனர். நங்கைசாத்தியாரும் அவருள் ஒருவர். அக்காளைக் கொன்றது ஏரியன்று, தாம் எழுதிய ஓலையே என்று கொற்றனார் வேந்தர் திருமுன் வாய்விட்டு அழுதார். அதை இங்கு மறைப்பதற்கில்லை.

இந்நிலையில், பல்லக்குக் குறைவாலன்றோ இத்துயர் நேர்ந்தது, இன்னும் பன்னிரண்டு பல்லக்கு அருள்க என்று தாங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள். ஒன்றும் வாராது. இருக்கும் ஆறையும் பிரித்து விறகாக்குக.

மண்படாச் சிறப்பு இன்றோடு நீங்கிற்று. குன்றுக்குச் செல்லும் வீதியில் மேடுபள்ளம் நிரவி, நூறு தப்படிக்கு ஒரு கல்லிருக்கையும் அதன்மேல் நிழலும் அமைக்க. காலைவேளையில் அவ்வழியே மாட்டுவண்டி ஓட்டலாகாது. முழங்கால் உடலைத் தாங்காதோர்க்கென, அமர்ந்தபடியே காலால் மிதித்து உருட்டும் மூவுருளை வண்டி பத்தினை அரண்மனைத் தச்சர் செய்து அனுப்புகின்றார். கண்டு சிரிப்பவர் சிரிக்கட்டும். ஆயினும் எவரையும் பறையறைந்து விரட்டி நடத்தவேண்டா. ஆணையால் உட்காரவைத்த பிழையே போதும்.

ஓலையைக் கேட்டு ஒருவரும் எழமாட்டார் என்பதைக் கொற்றனார் அறிவார். வெட்கம் அவ்வளவு எளிதில் விடாது. ஆகவே வரும் முழுமதி நாள் காலையில் அவர் குதிரைவண்டியில் வந்து, நங்கைசாத்தியார் வாசலில் இறங்கி, அந்த நானூறு தப்படியையும் ஊரார் காண நடப்பார். எட்டாண்டாய் மண் மிதியாத கால். அரண்மனை முற்றத்தில் நாளும் பழகியும் அறுபது தப்படிக்கு மேல் இன்னும் செல்லவில்லை. அவர்க்கு அச்சமாகவே இருக்கிறது.

அவர் விழவும் கூடும். விழுந்தால் எவரும் தூக்கிச் செல்லலாகாது. கைகொடுத்துக் கல்லில் இருத்துக. அவர் மீண்டும் எழும்வரை ஊர் காத்து நிற்க. இது ஆணை.

இதற்கு வேந்தர் இட்டது செம்பொழில் முத்திரை. அமைச்சர் கொற்றனார் இட்டது, சுவரைப் பற்றாமல் நின்றபடியே எழுதிய கையொப்பம்.